ரத்தம் வராத மழைக்காலம்

பொழிச்சலூரில் வீட்டுக்கு மேலே விமானம் போவது ஒரு சேதியே அல்ல. மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்கள் முருங்கை மரத்தின் உச்சியை உரசுவதுபோலத் தாழ்ந்து போகும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். சத்தம் தாண்டிப் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அங்கே அப்படித்தான் நடக்கும். எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு காலை, விமானம் தலைமேல் போகும்போது தபீதாள் பேச்சை நிறுத்தவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் முனியம்மா சாம்பல் கையோடு அவளை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாக்கா நீ? தலை மேல ஏரோப்ளேன் போவுது, நீ பாட்டுக்கு வாயை ஆட்டிகினு கீற. நீ சொன்னது எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்காவது கேட்டுச்சா?”

“எந்த ஏரோப்ளேன்?” என்றாள் தபீதாள்.

முனியம்மா சிரித்தாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் காது எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டுமானால் அவள் மார்பிலிருந்து தொடங்க வேண்டும்.

தபீதாள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். நல்ல உயரம், கனத்த குரல், பிள்ளைகளின் விரலில் ஊசி குத்தினால் “குத்தட்டும், அப்பத்தான் பழகும்” என்று சொல்லும் ரகம். புருஷன் ஏசுபாதம் பம்மல் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் டைம்கீப்பர். சாதுவான ஆள். தன் அக்காவிடம் கேட்காமல் ஒரு குடை வாங்கமாட்டான். கல்யாணமாகி, ஞானஜோதி என்று ஒரு பெண் பிறந்து, அது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கிய சமயத்தில் தபீதாளுக்கு டி.பி. என்று தெரிந்தது. அறுபத்தொன்றாம் வருஷம். தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். தினமும் ஊசி, தொண்டையில் இறங்காத மாத்திரைகள், காற்றோட்டமான வராந்தாவில் படுக்கை. சளியில் கிருமி இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டபின் அனுப்பினார்கள். “நோய் போச்சும்மா. நோய் இருந்த இடத்துல ஒரு ஓட்டை மட்டும் இருக்கு. அது ஆறின ஓட்டை. அப்பப்போ வந்து காட்டிட்டுப் போங்க” என்று சொன்னார் அங்கிருந்த டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அதற்குக்கூட அவள் அவ்வளவு வருத்தப்படவில்லை. சானடோரியத்திலிருந்து வந்த அன்றே பல்லாவரத்துக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றுதான் துடித்தாள்.

ஜோதி பல்லாவரத்தில் ரத்தினபாயிடம் வளர்ந்துகொண்டிருந்தது. ரத்தினபாய் ஏசுபாதத்தின் மூத்த அக்கா. பிள்ளை கிடையாது. அவள் புருஷன் சுந்தர்சிங் கடைத்தெருவில் ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டர். ரத்தினபாயைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் அவளுடைய ஒரு தம்பி, ஐசக் என்று பேர், இதே நோயில் அவள் மடியில் செத்துப் போனான். அவன் துப்பிய சட்டியை அவள்தான் ஏந்தினாள். அன்றைக்குப் பிடித்த பயம் ஒரு டாக்டர் சொல்லி விட்டுப் போகிற பயமா?

தபீதாள் வாசலுக்கு வந்ததும் ரத்தினபாய் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே படி இறங்காமல் நின்றாள்.

“உள்ள வான்னு சொல்ல ஆசைதான் தபீதா. பிள்ளை இருக்குதே.”

“டாக்டர் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரு அண்ணி.”

“வெயில் காலத்துல யாருக்குத்தான் சரியாப் போகல? ஐசக்கும் சித்திரை வைகாசியில ஓடியாடிக்கிட்டுத்தான் இருந்தான். மழை இறங்கினதும்தானே கொண்டு போச்சு. ஒரே ஒரு மழைக்காலம் போகட்டும். ஒரு சொட்டு ரத்தம் வராம ஒரு மழைக்காலத்தைத் தாண்டிக் காட்டு. தை பொறந்ததும் நானே ஜோதியைக் கொண்டாந்து உன் வீட்டுல விடறேன். கர்த்தர் சாட்சி.”

தபீதாள் புருஷனைப் பார்த்தாள். “அக்கா சொல்றதும் சரிதானே, ஒரு ரெண்டு மூணு மாசம்” என்றான் ஏசுபாதம். அவளுக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு மழைக்காலம்தானே.

ஐப்பசி வந்தது.

பொழிச்சலூர் வீட்டில் முன்பக்கம் ஒரு கூடம், பின்பக்கம் ஒரு சின்ன அறை. கூடத்தின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. வாடைக்காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கும். பின்னறை அப்படியில்லை. அதில்தான் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பட்டைச்சக்கை கொட்டிவைப்பார்கள். தோல் கம்பெனியில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையை இடித்து ஊறப்போட்டுச் சாறு எடுப்பார்கள். சாறு போன சக்கை மலைபோலக் குவியும். கம்பெனி ஆட்கள் அதை வண்டியில் அள்ளி வந்து வீட்டில் அடுப்பெரிக்க வைத்துக்கொள்வார்கள். காய்ந்த சக்கை நின்று எரியும்; மழையில் விறகு கிடைக்காத நாளில் அதைவிட உபகாரம் வேறில்லை. அந்தப் பக்கத்துத் தோல் கம்பெனிக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு.

ஆனால் அது ஒருபோதும் முழுசாகக் காய்ந்து வந்து சேராது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம். குவித்துப் போட்டு ஒரு வாரம் ஆனால் குவியல் தானாகச் சூடேறும். கையை உள்ளே விட்டால் வடித்த சோற்றுக்குள் விட்டதுபோல இருக்கும். வெளியே மழை சோவென்று கொட்டி ஊரே விறைத்துக் கிடக்கும்போது, அந்தப் பின்னறை மட்டும் வெதுவெதுவென்று இருக்கும்.

“கர்த்தர் நமக்குன்னு வச்ச ரூம் பாரு” என்றான் ஏசுபாதம். குவியலை ஒதுக்கி, அதை ஒட்டினாற்போல் தபீதாளுக்குக் கட்டில் போட்டான். ரத்தினபாய் ஒரு நாள் வந்து அறையின் நடுவில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “நெஞ்சுக்கு இந்தச் சூடுதான் வேணும். ஐசக்குக்கு இப்படி ஒரு ரூம் கிடைச்சிருந்தா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது, அங்கிருந்த சின்ன ஜன்னலில் இரண்டு கோணிப்பைகளைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போனாள். ஈரக்காற்று எட்டிப் பார்க்கக்கூடாதாம்.

அடுப்புக்குச் சக்கை அள்ள முனியம்மாதான் அங்கே போவாள். முறத்தால் வாரும்போது சாம்பலும் பச்சையுமாகப் புகைபோல ஒரு தூசி கிளம்பும். தும்மித் தீர்ப்பாள். “பேஜாரு புடிச்ச பட்டை! என் மூஞ்சி மேலதான் ஏறுது” என்று முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் இருப்பவளைப் பார்த்து, “மவராசி, நீ படுத்துகினு கீற. எனக்கு எழுதிவச்சது தும்மல்” என்பாள்.

கார்த்திகை பாதியில் தபீதாள் ரத்தம் துப்பினாள்.

அதிகமில்லை, கைக்குட்டை நனையும் அளவு. ஆனால் ரத்தம் ரத்தம்தான். ஏசுபாதம் அன்றைக்கே பல்லாவரத்துக்கு ஓடி அக்காவிடம் சொன்னான். அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

“சானடோரியத்துக்குப் போய்க் காட்டிட்டு வரலாங்க” என்றாள் தபீதாள்.

“அந்த ஸ்டேஷன்ல இறங்கினா நாலு பேரு பார்ப்பாங்க. ஹில்டாவைப் பார்க்க வர்றதா இருக்காங்க” என்றான் ஏசுபாதம். ஹில்டா அவனுடைய தங்கை. குரோம்பேட்டையைத் தாண்டி ரயில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்றால், இறங்குகிறவர்களைப் பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். இறங்குகிற குடும்பத்தில் பெண் எடுக்க யார் வருவார்கள்? பக்கத்திலிருப்பவர்களிடம்கூட ‘ஆஸ்துமா’ என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள்.

அதனால் சுந்தர்சிங் வந்தார். நல்ல மனுஷன். தன் கைக்காசில் மருந்து வாங்கி வந்து, ஊசியைக் கொதிக்கவைத்து, சானடோரியத்தில் போட்ட அதே ஊசியைத் தினமும் போட்டார். “எதுக்கும்மா அங்க அலையணும்? அதே மருந்து, அதே அளவு. நான் போட்டா ஏறாதா?” என்று சிரிப்பார். மார்கழி முழுவதும் ஊசி. தை பிறந்தது. வெயில் வந்தது. பட்டைச்சக்கை எரிந்து தீர்ந்தது. பின்னறையைக் கூட்டிவிட்டு அவளைக் கூடத்துக்கு மாற்றினார்கள். மாசியில் இருமல் நின்றுவிட்டது.

“ஊசி பிடிச்சுக்கிச்சு” என்றார் சுந்தர்சிங். “அந்த ரூமோட சூடுதான் காப்பாத்திச்சு” என்றான் ஏசுபாதம். “என் உபவாச ஜெபம்” என்றாள் ரத்தினபாய். மூன்று பேருக்கும் திருப்தி. “அடுத்த மழைக்காலம் பார்ப்போம்” என்று சொன்னதும் ரத்தினபாய்தான்.

அடுத்த ஐப்பசிக்கு ஏசுபாதம் இன்னும் ஒரு வண்டி சக்கை கூடுதலாக இறக்கினான். போன தடவை சூடு போதவில்லை என்று அவனுக்கு ஒரு சந்தேகம்.

இப்படியே போயிற்று. மழை இறங்கும், அவளைப் பின்னறைக்கு மாற்றுவார்கள், கார்த்திகையில் ரத்தம் வரும், சுந்தர்சிங் வருவார். வெயில் வரும், சரியாகிவிடும். சரியாகிவிடுவதால் சானடோரியத்தில் போய்க் காட்டும் பேச்சு அப்புறம் யார் வாயிலும் வரவில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் ரத்தம் மிகக் கொஞ்சமாக வந்தது. அந்த வருஷம் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டாள். மார்கழிக் கடைசியில், கிறிஸ்துமஸ் கேக் வாசனை போவதற்குள், எச்சிலில் ஒரு சிவப்பு நூல். மறைத்துவிடலாம் என்று சாக்கடையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஏசுபாதம் பின்னால் நின்றிருந்தான். “அக்காகிட்ட எப்படிச் சொல்றது” என்று அவன் முகம் வாடியதே தவிர, சொல்லாமல் இருப்போம் என்ற நினைப்பு அதில் இல்லை.

வெயில் மாதங்களில் மகளைப் பார்க்க அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில். ரத்தினபாய் ஜோதியைக் கையில் பிடித்துக்கொண்டு வளையல் கடைக்குப் பக்கத்தில் நிற்பாள். தபீதாள் வந்ததும், ரத்தினபாய் முதலில் கடைக்கு மேல் கட்டியிருக்கும் படுதாவைப் பார்ப்பாள். படுதா எந்தப் பக்கம் உப்பியிருக்கிறதோ அதை வைத்துக் காற்றின் திசை தெரியும். “நீ இப்படி வா தபீதா. இல்ல, இன்னும் கொஞ்சம். ஆங், அங்க நில்லு.” பிள்ளையின் பக்கத்திலிருந்து தாயின் பக்கமாகக் காற்று வீச வேண்டும், தாயின் பக்கத்திலிருந்து பிள்ளையின் பக்கம் வீசக்கூடாது. நடுவில் காற்று திரும்பினால் மூன்று பேரும் இடம் மாறுவார்கள். கை நிறையச் சாமான் வாங்கிப் போகிறவர்கள் இவர்களை இடித்துக்கொண்டு போவார்கள்.

தபீதாள் வருஷம் முழுக்கத் தைத்த கவுன்களைக் கொண்டுபோவாள். கழுத்தில் பூவேலை, இடுப்பில் சுருக்கம், ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தையல். ரத்தினபாய் அவற்றை இரண்டு விரலால் வாங்கிப் பையில் போட்டு, வீட்டில் வெந்நீரில் போட்டு வேகவைப்பாள். அடுத்த சந்தைக்கு ஜோதி அதே கவுனைப் போட்டுக்கொண்டு வரும்; சிவப்புப் பூவெல்லாம் வெளிறி, பச்சை ஓடிப்போய், சுருங்கி, முட்டிக்கு மேல் ஏறியிருக்கும். “போட்டிருக்கா பாரு, உன் கவுனைத்தான் போடுவேன்னு அடம்” என்பாள் ரத்தினபாய். பொய்யில்லை. போடத்தான் செய்தாள்.

ஜோதி ரத்தினபாயை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல. தபீதாளை ‘பொழிச்சலூரம்மா’ என்றது. இரண்டு அம்மா இருப்பதால் ஊர் பேரைச் சேர்க்கத்தானே வேண்டும்.

இதற்கு நடுவில்தான் காதில் இரைச்சல் தொடங்கியது. “ஏங்க, எங்கயோ ரயில் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குதே” என்பாள். எழுந்து நடந்தால் தள்ளாடும். பலவீனம் என்றார் சுந்தர்சிங். ஒரு டானிக் வாங்கிக்கொடுத்தார். ஊசியை மட்டும் விடவில்லை. முனியம்மா விமானத்தை வைத்துக் கண்டுபிடித்தபோது காது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது; மேலே போகும் விமானத்துக்கும் உள்ளே ஓடும் ரயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தானாகவே பழகிக்கொண்டாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் மழை விடாமல் பெய்தது. பின்னறைச் சுவரில் மூலைக்கு மூலை கறுப்புப் பூத்தது. ஒரு காலை தபீதாள் இருமியபோது ரத்தம் நிற்கவில்லை. கிண்ணம் நிறைந்தது. சுந்தர்சிங் வந்து பார்த்துவிட்டு, ஊசிப் பெட்டியைத் திறக்காமலே மூடினார். “இது நம்ம கையில இல்ல மாப்ளே. வண்டி பிடி” என்றார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ராஜகோபால் என்ற டாக்டர் பார்த்தார். சிடுசிடுப்பான ஆள். சளியை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். உட்கார வைத்து ஒரு எக்ஸ்ரே படம், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு படம். சோதனை எல்லாம் வந்த பிறகு ஏசுபாதத்தைக் கூப்பிட்டு, இரண்டு படத்தையும் விளக்குக்கு நேரே பிடித்தார்.

“இது என்ன தெரியுதா? உருண்டையா. உட்கார்ந்தா கீழ இருக்கு. படுத்தா சாயிற பக்கம் உருளுது. கிலுகிலுப்பைக்குள்ள மணி மாதிரி. டி.பி. இப்படி உருளாது.”

“அப்ப, சார்…”

“பூசணம்யா. ஊறுகாய் ஜாடில மேல படியுதே, அந்த ஜாதி. பழைய டி.பி. விட்டுட்டுப் போன ஓட்டைக்குள்ள குடித்தனம் வந்து, பந்து மாதிரி வளர்ந்து கிடக்கு. டி.பி. கிருமி ஒண்ணுகூட இல்ல. அது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இது யாருக்கும் ஒட்டாது. சரி, எப்ப எப்ப ரத்தம் வரும்?”

“மழைக்காலத்துல மட்டும் சார். வெயில்ல நல்லா இருப்பா.”

“மழைக்காலத்துல எங்க படுப்பாங்க?”

ஏசுபாதத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தான் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வாய்ப்பு. பின்னறையைப் பற்றிச் சொன்னான். பட்டைச்சக்கையின் சூட்டைப் பற்றிச் சொன்னான். கோணி அடைத்த ஜன்னலைப் பற்றிச் சொன்னான். டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

“அது ஏன் சூடா இருக்குன்னு யோசிச்சியா?”

ஏசுபாதம் கீழே வைத்த படத்தைப் பார்த்தான்.

“எருக்குவியலுக்குள்ள கையை விட்டா சுடலை? ஈரம் பட்ட சக்கையைப் பூசணம் தின்னுதுய்யா. தின்னுறப்ப வர்ற சூடு அது. அதுக்குப் பக்கத்துல ஜன்னலை அடைச்சு, ஓட்டை விழுந்த நுரையீரலோட ஒரு பொம்பளையைப் படுக்கப் போட்டிருக்க. எல்லாமே அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்துல காத்துலயும் சுவத்துலயும் எங்கயும் இது இருக்கத்தான் செய்யும். ஆனா நீ வண்டி வச்சுக் கொண்டாந்து இறக்கியிருக்க.” கொஞ்சம் நிறுத்தி, “காது எப்படிப் போச்சு?” என்றார்.

சொன்னான்.

“வருஷா வருஷம் ஊசியா? இல்லாத வியாதிக்கா? யாருய்யா போட்டது?” டாக்டரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. “காதைக் கெடுத்தது அந்த ஊசிதான். இனி அது திரும்பாது. ஆபரேஷன் பண்ணி உருண்டையை எடுக்கலாம்னா இவங்க நெஞ்சு தாங்காது. காஞ்ச இடத்துல, காத்து வர்ற இடத்துல வச்சிரு. மறுபடி வராதுன்னு எழுதித் தரமாட்டேன். வராம இருக்கலாம்.”

தபீதாள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும், “என்ன சொன்னாரு?” என்றாள்.

ஏசுபாதம் குனிந்து, அவள் காதருகே கத்தினான். “டி.பி. இல்லையாம்! யாருக்கும் ஒட்டாதாம்!”

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தபீதாளின் கண் நிறைந்தது. அப்புறம், “ஊசின்னு ஏதோ சொன்னாரே?” என்றாள்.

“நல்லா சாப்பிடச் சொன்னாரு.”

அவள் அவனுடைய வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படியா” என்றாள்.

உடம்பு தேறியதும் நேரே பல்லாவரத்துக்குப் போனார்கள். ரத்தினபாய் எல்லாவற்றையும் கேட்டாள். சுந்தர்சிங் எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

“பூசணமாம், பந்தாம்” என்றாள் ரத்தினபாய். இத்தனை வருஷமாக அவள் பெற்றதுபோல வளர்த்த பிள்ளை. “டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போவாரு. நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? ஒரு மழைக்காலம். ஒரு சொட்டு ரத்தம் இல்லாம. இன்னிக்கும் அதான்.”

ஏசுபாதம் வாயைத் திறந்தான். அவன் அக்காவை எதிர்த்து ஏதோ சொல்லப் போனது அது முதல் தடவையாக இருந்திருக்கும். தபீதாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சரி அண்ணி. ஒரு மழைக்காலம்.”

அந்தச் சித்திரையில் அவள் பின்னறையைக் கழுவி, சுவரைச் சுரண்டி, இரண்டு கை சுண்ணாம்பு அடிக்கவைத்தாள். ஆவணியில் பட்டைச்சக்கை வண்டி வாசலில் வந்து நின்றபோது தானே வெளியே போய் மாட்டைத் திருப்பிவிட்டாள். வண்டிக்காரன், “ஐயா சொல்லித்தாம்மா எடுத்தாந்தேன்” என்று கத்திக்கொண்டே போனான். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினாள். மழை தொடங்கியதும் கூடத்தில் கிழக்கு ஜன்னலுக்கு நேரே கட்டிலைப் போட்டுக்கொண்டாள்.

ஏசுபாதத்தால் பொறுக்க முடியவில்லை. “சாரல் அடிக்குது. சளி பிடிக்கும்” என்று எழுந்து ஜன்னலைச் சாத்துவான். அவள் எழுந்து திறப்பாள்.

“தபீதா, ஈரக்காத்து!”

“காது கேக்கலைங்க” என்பாள்.

“அக்கா, மெய்யாலுமே கேக்கலையா, கேக்காத மாதிரி கீறியா?” என்றாள் முனியம்மா ஒரு நாள், அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்று. தபீதாள் அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் ஒரு காலை வாயில் உப்புக் கரித்தது. வெள்ளைத் துணியில் துப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைதான். மார்கழி போயிற்று. இருமல் இருந்தது, ரத்தம் இல்லை.

தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை ரத்தினபாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜோதியைக் கொண்டுவந்து விட்டாள். வாசலில் நின்று அழுதாள். அந்த அழுகையிலும் பொய்யில்லை.

ஜோதி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அமைதியான பெண். பெண்பிள்ளை மெதுவாகப் பேசவேண்டும் என்று ரத்தினபாய் சொல்லிச் சொல்லி வளர்த்ததில், அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். தபீதாளுக்கு ஒன்றுமே கேட்காது. உதட்டைப் பார்க்கலாம் என்றால், பேசும்போது முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

“டாக்டர் சொன்னது தெரியுமா கண்ணு? ஒட்டாது. எனக்கு டி.பி. இல்ல” என்றாள் தபீதாள், சோறு போட்டபடி.

ஜோதி தலையாட்டினாள். “தெரியும்மா” என்றாள் போல இருந்தது. ‘பொழிச்சலூரம்மா’ என்று சொல்லவில்லை. அதைத் தபீதாள் உதட்டில் கவனித்துக்கொண்டாள்.

அதற்குள் ஜோதியின் கை, சோறு விழுந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. ஸ்டவ்வில் இருந்த வெந்நீரைச் சரித்து, தட்டைச் சுற்றி ஊற்றி அலம்பி, ஓரத்தைப் பிடித்து உதறி, மறுபடியும் தாய்க்கு முன்னால் வைத்தது. போட்டிருந்த சோறு சாக்கடையில். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவே இல்லை. தெரிந்ததும் முகம் சிவந்துபோயிற்று. ஏசுபாதம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தபீதாள் மறுபடி சோறு போட்டாள்.

மாலையில் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தார்கள். ஜோதி உட்காரப் போனவள் ஜன்னல் திரையைப் பார்த்தாள். திரை உள்பக்கமாக உப்பியிருந்தது. பாயை இழுத்து ஜன்னலோரமாகப் போட்டுக்கொண்டாள். ஜெபம் செய்யும்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். தபீதாள் மூடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தபீதாள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்து, ஜோதியின் துணிகளை மடித்து வைத்தாள். தான் தைத்த வெளிறிய தாவணி ரவிக்கைகளை அடியில், பள்ளிக்கூடச் சீருடையை மேலே.

“பரீட்சை வருது. இங்கேர்ந்து ஸ்கூலுக்குத் தூரம். பல்லாவரத்துலேயே இருந்து படி” என்றாள்.

ஜோதி அவளுக்கு நேரே திரும்பி, “நான் இருக்கேம்மா” என்றாள். வாயசைவு தெளிவாகத்தான் இருந்தது. சொல்லும்போதே ஒரு கை பெட்டியின் கைப்பிடிக்குப் போயிருந்தது.

“காது கேக்கலை கண்ணு” என்றாள் தபீதாள்.

சந்தையில் ரத்தினபாய் வளையல் கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க முந்தானையை எடுத்தாள். தபீதாள் பெட்டியைக் கீழே வைத்தாள். எல்லோரும் நின்று கொஞ்ச நேரம் கத்திரிக்காய் விலையைப் பேசினார்கள். கடையின் படுதா திடீரென்று மறுபக்கம் உப்பிற்று. ஜோதியின் கண் மேலே போவதைத் தபீதாள் பார்த்தாள். அவள் கால் எடுத்து வைப்பதற்கு முன், தபீதாளே நகர்ந்து இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.